லாப்ரடாருக்குப் பின்னங்கால் வலி: பி.ஆர்.பி ஊசி போடலாமா? மதுரையில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

பிரௌனி அம்மா, கே.புதூர்

வணக்கம். எங்கள் பிரௌனிக்கு எட்டு வயது. லாப்ரடார், பெண், எடை 41 கிலோ. பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தபோது மொட்டை மாடிப் படியில் நாலு படியை ஒரே தாவாகத் தாவி இறங்கினாள். அன்று சாயங்காலமே வலது பின்னங்காலை ஊன்றவில்லை. இப்போது இரண்டரை மாதம் ஆகிவிட்டது.

காலையில் அவள் எழுவதைத்தான் பார்க்க முடியவில்லை. முன்னங்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு பின்பக்கத்தைத் தூக்கப் பார்ப்பாள், வழுக்கி உட்கார்ந்துவிடுவாள். மறுபடி முயல்வாள். மூன்றாவது தடவைதான் எழுவாள். எழுந்த பிறகும் வலது காலின் விரல் நுனி மட்டும் தரையில் படும். கொஞ்ச நேரம் நடந்தால் பரவாயில்லை என்று ஆகிறது.

மெலாக்சிகாம் என்ற வலி மருந்தைக் கொடுக்கும்வரை நடக்கிறாள், நிறுத்தினால் பழைய கதைதான். காட்டிய கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, மூட்டுத் தேய்மானம், பி.ஆர்.பி ஊசி (அவள் ரத்தத்திலிருந்தே ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைச் செறிவாகப் பிரித்து மூட்டில் போடுவது) மூன்று போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். மூன்றுக்கும் சேர்த்துச் சொன்ன தொகை எங்கள் இரண்டு மாத வீட்டு வாடகை. அவளுக்குச் செலவழிக்க மனசு இருக்கிறது. ஆனால் போட்டும் பலனில்லை என்றால் அடுத்த வைத்தியத்துக்குக் கையில் காசு இருக்காது. இன்னொருவர் ஸ்டெம் செல்தான் (வேறு செல்களாக வளரக்கூடிய மூலச் செல்களை மூட்டில் போடுவது) நல்லது என்கிறார். யாராவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

வைகைக்கரை, ஆரப்பாளையம்

அக்கா, நான் என் ஜெர்மன் ஷெப்பர்டுக்குப் போட்டேன். அவனுக்கு இடுப்பு மூட்டுக் கிண்ணம் வளரும்போதே சரியாக ஆழமாகவில்லை. இந்த இனத்துக்கும் லாப்ரடாருக்கும் அடிக்கடி வருகிற குறைதான். ஐந்து வயதில் போட்டோம், சென்னையில்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். முதலில் மயக்கம் கொடுத்தார்கள். கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க மருந்து போட்ட குழாயில் விட்டு, சுழற்றும் இயந்திரத்தில் வைத்தார்கள். வெளியே எடுத்தபோது குழாயில் மூன்று அடுக்கு தெரிந்தது. அடியில் கருஞ்சிவப்பாக ரத்த அணுக்கள், நடுவில் பட்டை மாதிரி மெல்லிய வெள்ளை, மேலே நல்லெண்ணெய் நிறத்தில் தெளிந்த நீர். அந்த வெள்ளைப் பட்டையை ஒட்டிய பகுதியைத்தான் உறிஞ்சி எடுத்து இடுப்பு மூட்டுக்குள் போட்டார்கள். அதில்தான் தட்டணுக்கள் குவிந்திருக்குமாம். மூட்டு இருக்கும் இடத்தில் முடியை வழித்து, அறுவை சிகிச்சைக்குச் செய்வது போலவே மருந்து வைத்துத் துடைத்தார்கள்.

முதல் மூன்று நாள் முன்பைவிட அதிகமாக நொண்டினான். நான் பயந்தே போனேன். இரண்டாவது வாரத்தில் பழைய நிலை. மூன்றாவது வாரத்தில் ஒருநாள் தானாகவே காரில் ஏறினான். ஏழு மாதம் நன்றாக இருந்தான், பிறகு மெல்ல வலி திரும்பியது.

ஒன்று மட்டும் உண்மையாகச் சொல்ல வேண்டும். அதே சமயத்தில் அவன் எடையை நாலு கிலோ குறைத்தோம். ஊசியால் எவ்வளவு, எடை குறைந்ததால் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

கூடல்நகர் கதிர்

வலி மாத்திரையை ஊசிக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார்களா அண்ணே?

வைகைக்கரை, ஆரப்பாளையம்

ஆமாம் தம்பி. முன்னால் பத்து நாள், பின்னால் இரண்டு வாரம். வேறு வகை மருந்து கொடுத்துச் சமாளித்தோம்.

கால்நடை மருத்துவர், திருமங்கலம்

பிரௌனி அம்மாவுக்கு. நாயைப் பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டேன். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் டாக்டரிடம் நீங்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன.

படியில் தாவியதும் கால் ஊன்றவில்லை என்கிறீர்கள். எட்டு வயது, 41 கிலோ, பின்னங்கால். இதைக் கேட்டதும் எனக்கு முதலில் வருகிற சந்தேகம் முழங்காலுக்குள் குறுக்காக இருக்கும் ஜவ்வு கிழிந்திருக்குமோ என்பதுதான். மனிதருக்குக் கால்பந்து விளையாடும்போது கிழிகிறதே, அதே ஜவ்வு. நாய்க்கு அது பெரும்பாலும் ஒரே நாளில் அறுவதில்லை. மாதக்கணக்கில் நைந்து கொண்டே வந்து, ஒரு தாவலில் விட்டுப்போகும். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. மூட்டில் நீர் கோத்திருப்பதும், ஓரத்தில் எலும்பு வளர்ந்திருப்பதும்தான் தெரியும். அதைப் பார்த்துத் தேய்மானம் என்று சொல்லிவிடலாம், அது தப்பும் இல்லை. ஆனால் ஏன் தேய்ந்தது என்பது விட்டுப்போகும். மயக்கம் கொடுத்துத் தசையெல்லாம் தளர்ந்த பிறகு, ஒரு கையால் தொடை எலும்பைப் பிடித்து மறு கையால் கீழ்க்கால் எலும்பை முன்பக்கம் தள்ளிப் பார்ப்போம். மேசை டிராயர் மாதிரி முன்னே வந்தால் ஜவ்வு போய்விட்டது என்று அர்த்தம். இந்தச் சோதனை செய்தார்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், முழுக்க அறுந்த ஜவ்வை பி.ஆர்.பி ஒட்ட வைக்காது. ஸ்டெம் செல்லும் ஒட்ட வைக்காது. நாயின் கீழ்க்கால் எலும்பின் மேல்தளம் பின்பக்கம் ஏறத்தாழ 25 டிகிரி சரிந்திருக்கும். ஜவ்வு இல்லாவிட்டால் ஒவ்வொரு அடியிலும் தொடை எலும்பு அந்தச் சரிவில் வழுக்கும். அவ்வளவு எடையுள்ள நாய்க்கு கீழ்க்கால் எலும்பை வெட்டித் திருப்பித் தகடு போடும் அறுவை சிகிச்சைதான் நிலையான வழி. பாதி கிழிசல் என்றால் பி.ஆர்.பிக்கு இடம் உண்டு, முயன்று பார்க்கலாம். அப்போதும் பின்னால் முழுசாக அறுந்துபோகலாம் என்பதை ஒப்புக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

பி.ஆர்.பி என்ன செய்கிறது? காயம்பட்ட இடத்தில் ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் உடைந்து, வளர்ச்சிக் காரணிகள் என்ற புரதங்களை விடும். அந்தப் பகுதி செல்களுக்கு அது பழுதுபார்க்க வாருங்கள் என்கிற அழைப்பு. குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டமே இல்லை, அதனால் இந்த அழைப்பு அங்கே போவதில்லை. அதை நாமே செறிவாக்கிக் கொண்டுபோய் விடுகிறோம். வீக்கம் அடங்கும், வலி குறையும். போன குருத்தெலும்பு புதிதாக முளைத்து வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்த கேள்விதான் முக்கியம். ரத்தப் பரிசோதனை செய்தீர்களா? உண்ணி இருக்கிறதா?

பிரௌனி அம்மா, கே.புதூர்

டாக்டரம்மா, ரொம்ப நன்றி. டிராயர் சோதனை செய்யவில்லை, மயக்கமும் கொடுக்கவில்லை. ரத்தமும் எடுக்கவில்லை. உண்ணி இருக்கிறது. பக்கத்துக் காலி மனையில் மாடு கட்டுகிறார்கள், காதுக்குள் எடுத்துக்கொண்டே இருப்போம். மாசி மாதம் இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்திருந்தாள், உடம்பு சுட்டது. கால் வலியால் என்று நினைத்துவிட்டோம்.

கால்நடை மருத்துவர், திருமங்கலம்

நாளைக்கே தட்டணு எண்ணிக்கையும், எர்லிகியா என்கிற உண்ணிக் காய்ச்சலுக்கான சோதனையும் செய்யுங்கள். நம் பக்கம் வெயில் ஏற ஏற உண்ணியும் ஏறும். அந்தக் கிருமி இரண்டு வேலை செய்கிறது. தட்டணுக்களைக் குறைக்கிறது, மூட்டுகளையும் வீங்க வைக்கிறது. ஒரு காலில் தொடங்கி வேறு காலுக்கு மாறும் நொண்டல், காய்ச்சல், ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம், இதில் எது இருந்தாலும் சொல்லுங்கள்.

பி.ஆர்.பி உங்கள் நாயின் சொந்த ரத்தத்திலிருந்துதான் வருகிறது. ரத்தத்தில் தட்டணு இல்லை என்றால் இயந்திரம் எதைச் செறிவாக்கும்? வெறும் மஞ்சள் நீரைத்தான் மூட்டில் விட்டிருப்பார்கள். கிருமி உள்ள உடம்பில் மூட்டைக் குத்துவதும் சரியில்லை.

மெலாக்சிகாமை இத்தனை நாள் கொடுத்திருப்பதால் ஈரல், சிறுநீரகம் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே காட்டுங்கள்.

புலிக்குளத்தான், அலங்காநல்லூர் பக்கம்

நாய்க்காரர்களுக்கு நடுவே மாட்டுக்காரன் பேசுகிறேன், மன்னிக்கணும். எங்கள் வீட்டுக் காளை பிள்ளை மாதிரி. போன வருடம் வாடிவாசலைத் தாண்டி வெளியே ஓடும்போது முன்கால் மடங்கி விழுந்தான். முழங்கால் பந்து மாதிரி வீங்கியது. அவனுக்கு ஊசி எதுவும் போடவில்லை. டாக்டர் சொன்னபடி ஆறு வாரம் கட்டி வைத்து, பிறகு கண்மாயில் நீச்சல் விட்டோம். காளைக்கு நீச்சல் பழக்குவது எங்களுக்குப் புதுசில்லை. ஆனால் அடிபட்ட கால் தேறியதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நாய்க்கும் இது ஆகுமா டாக்டரம்மா?

இன்னொன்று, மருந்துக் கடையில் வலிக்கு டைக்ளோபெனாக் கேட்டால் மாட்டுக்குக் கொடுக்கத் தடை என்கிறார்கள், உண்மையா?

கால்நடை மருத்துவர், திருமங்கலம்

உண்மைதான் அண்ணே. அந்த மருந்து ஏறிய மாடு செத்து, அதைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக அழிந்தன. 2006இல் கால்நடைக்குத் தடை செய்தார்கள். 2023இல் கீட்டோபுரோபெனும் அசிகுளோபெனாக்கும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. மெலாக்சிகாம் கழுகுக்குப் பாதுகாப்பானது, அதையே கேளுங்கள். நாய்க்கும் மனிதருக்கான டைக்ளோபெனாக், ஐபுபுரோபென் கொடுக்கக் கூடாது. வயிற்றில் புண் வைத்து ரத்தம் கசியும்.

நீச்சல் நாய்க்கும் ஆகும், தண்ணீரில் நடப்பது அதைவிட நல்லது. இடுப்பு மட்டத்துக்குத் தண்ணீர் நின்றால் கால்கள் தாங்கும் பாரம் உடல் எடையில் 40 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். முழங்கால் மட்டத்தில் நின்றால் 85 சதவீதம் காலில்தான் இருக்கும். அதனால் ஆழம் முக்கியம். பெரிய ஊர்களில் இதற்கென்று தண்ணீருக்குள் ஓடும் பட்டை வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் பம்புசெட் தொட்டி போதும். நாயைத் தேங்கிய கண்மாயில் விடாதீர்கள், எலிக் காய்ச்சல் கிருமி இருக்கும். இறங்க ஏறச் சரிவு வேண்டும், குதிக்க விடக் கூடாது.

மூன்று பூனை வீடு, திருநகர்

பூனைக்கும் மூட்டு வலி வரும் என்பதே எனக்குப் போன வருடம்தான் தெரியும். நொண்டவே இல்லை. பீரோ மேல் ஏறுவதை நிறுத்தியது, முதுகின் பின்பக்கத்து முடியை நக்காமல் சடையாக விட்டது, அவ்வளவுதான். தயவுசெய்து யாரும் பூனைக்குப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும். எங்கள் தெருவில் ஒரு குட்டி அப்படித்தான் போனது. கொடுத்தவர்கள் அன்பால்தான் கொடுத்தார்கள்.

டாக்டரம்மா, ஆன்லைனில் ஸ்டெம் செல் பவுடர் என்று மூட்டு வலிக்கு விற்கிறார்கள். சோற்றில் கலந்து கொடுக்கலாமாம். பக்கத்து வீட்டுப் பாட்டி பிரண்டைத் துவையல் வைக்கச் சொல்கிறார். எனக்குப் பாட்டி சொல்வதே பரவாயில்லை என்று தோன்றுகிறது.

கால்நடை மருத்துவர், திருமங்கலம்

ஸ்டெம் செல் என்பது உயிரோடு இருக்க வேண்டிய செல். டப்பாவில் அடைத்த பவுடரில் உயிருள்ள செல் எதுவும் இருக்காது. இருந்தாலும் வயிற்று அமிலத்தைத் தாண்டாது. வாங்காதீர்கள்.

உண்மையான சிகிச்சை எப்படி என்றால், நாயை மயக்கி வயிற்றுப் பக்கத்திலிருந்தோ தோள் பக்கத்திலிருந்தோ கொஞ்சம் கொழுப்பை எடுப்பார்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்தும் எடுப்பதுண்டு. அதிலிருந்து செல்களைப் பிரித்து, ஆய்வகத்தில் வாரக்கணக்கில் பெருக்கி, குளிர் மாறாமல் கொண்டுவந்து மூட்டில் போடுவார்கள். வேறு விலங்கின் செல்லை வளர்த்துப் போடும் முறையும் உண்டு. ஐரோப்பாவில் 2019இல் குதிரைகளின் மூட்டு நொண்டலுக்கு அப்படி ஒரு மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். போட்ட செல் அப்படியே குருத்தெலும்பாக மாறிவிடும் என்றுதான் முதலில் எல்லோரும் நம்பினோம். இப்போதைய புரிதல் வேறு. அந்தச் செல்கள் சில நாள் அங்கே இருந்து, வீக்கத்தை அடக்கும் சமிக்ஞைகளை விட்டுவிட்டுப் போய்விடுகின்றன. நாய்களில் நடந்த சோதனைகள் நம்பிக்கை தருகின்றன, ஆனால் பெரும்பாலும் சின்னச் சோதனைகள். உடம்பில் கட்டி உள்ள நாய்க்கும், மூட்டில் சீழ் உள்ள நாய்க்கும் போடவே கூடாது.

பிரண்டையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பூனைக்குத் துவையல் வேண்டாம், அதில் புளியும் காரமும் பூண்டும் இருக்கும். நீலகிரித் தைலம், கற்பூரத் தைலம் எதையும் தடவாதீர்கள். நக்கும், உள்ளே போகும், வலிப்பு வரும்.

எடையைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. 48 லாப்ரடார் குட்டிகளை இரண்டிரண்டாகச் சோடி சேர்த்து, சோடியில் ஒன்றுக்குக் கால் பங்கு உணவைக் குறைத்துக் கொடுத்து, ஆயுள் முழுக்கப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2002இல் வெளிவந்தது. குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு நோயும் தாமதமாக வந்தது. ஏற்கெனவே நொண்டும் நாய்க்கு உடல் எடையில் 6 சதவீதம் இறங்கினாலே நடை தேறும். பிரௌனிக்கு அது இரண்டரை கிலோ. எந்த ஊசியும் இவ்வளவு மலிவாக இதைச் செய்யாது.

அப்புறம், வாரம் ஒரு தடவை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், பக்கவாட்டில் நின்று அவள் நடப்பதையும் எழுவதையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுத்த நாய்கள்கூடத் தேறிவிட்டதாக வீட்டுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள், டாக்டர்களும் சொல்லியிருக்கிறார்கள். பாரம் அளக்கும் தட்டில் நடக்க விட்டால் மாற்றமே இல்லை. நம் ஆசை நம் கண்ணை மறைக்கும். வீடியோ மறைக்காது.

பிரௌனி அம்மா, கே.புதூர்

ரத்த முடிவு வந்துவிட்டது. தட்டணு 62 ஆயிரம். குறைந்தது 2 லட்சமாவது இருக்க வேண்டுமாம். எர்லிகியா பாசிட்டிவ். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது.

முடிவைப் பார்த்து அழுதுவிட்டேன். காய்ச்சலோடு இரண்டு மாதம் அவளைப் படி ஏறி இறங்க வைத்திருக்கிறோம். டாக்ஸிசைக்ளின் 28 நாள். முதல் நாள் என் கணவர் மாத்திரையைத் தயிர்ச் சோற்றில் மறைத்துக் கொடுத்தார். பால், தயிரோடு கூடாது, சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரோடு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டைக் குழாயில் ஒட்டிப் புண்ணாகும் என்று டாக்டர் சொன்னார். இப்போது சாதத்தைக் கோழி வேகவைத்த தண்ணீரில் குழைத்து உருண்டை பிடிக்கிறேன்.

அன்றைக்கே மயக்கம் கொடுத்து முழங்காலையும் பார்த்தார்கள். லேசான ஆட்டம், மடக்கினால் மட்டும். பாதிக் கிழிசல் என்கிறார்கள். டாக்டரம்மா சந்தேகப்பட்ட இரண்டுமே இருந்திருக்கிறது.

வைகைக்கரை, ஆரப்பாளையம்

நல்லவேளை அக்கா. ஊசி போட்ட பிறகு இது தெரிந்திருந்தால் எவ்வளவு வேதனை. வீட்டில் டைல்ஸ் தரையா? முதலில் அதை மூடுங்கள். நான் சிங்கம்புணரி போனபோது தென்னை நார்ப் பாய் வாங்கி வந்து, அவன் படுக்கும் இடத்திலிருந்து வாசல்வரை வரிசையாகப் போட்டேன். பாதி வலி வழுக்குவதால்தான்.

பிரௌனி அம்மா, கே.புதூர்

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். மாத்திரை முடிந்த மூன்றாவது வாரம் தட்டணு 2 லட்சத்து 40 ஆயிரம். அதற்குள்ளாகவே நொண்டல் கண்ணுக்குத் தெரியக் குறைந்திருந்தது. அதன்பிறகு முழங்காலுக்கு மட்டும் பி.ஆர்.பி போட்டோம். மூன்று என்று முதலில் சொன்னதை, ஒன்று போட்டுப் பார்த்து முடிவு செய்யலாம் என்று புது டாக்டரே சொன்னார். ஆறாவது வாரம் இரண்டாவது ஊசி. மூன்றாவது இன்னும் போடவில்லை.

எடை 41இலிருந்து 36.5. இதுதான் கஷ்டமாக இருந்தது. என் மாமியார் காலையில் இரண்டு இட்லி கொடுப்பார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சாயங்காலம் பிஸ்கட், இரவு பால். யார் எவ்வளவு கொடுக்கிறோம் என்று ஒருநாள் எல்லோரும் உட்கார்ந்து எழுதினோம். மாமியார் எதுவும் பேசவில்லை. மறுநாளிலிருந்து வெள்ளரிக்காய் நறுக்கி வைக்கிறார். அதையும் அவர் கையால்தான் பிரௌனி வாங்குகிறாள்.

வீடியோக்களை வரிசையாகப் பார்த்தோம். சித்திரையில் மூன்று முயற்சியில் எழுந்தவள், ஆனியில் இரண்டு. போன வாரம் நீங்கள் சொன்ன தென்னை நார்ப் பாயில் நகத்தை ஊன்றி ஒரே தடவையில் எழுந்துவிட்டாள். ஆனால் அதிக தூரம் நடந்த நாளில் இரவு காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். ஒரு பக்கம் கிழிந்த நாய்களில் பாதிக்குப் பாதி மறு பக்கமும் கிழியும் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். அறுவை சிகிச்சைக்கு என்று மாதாமாதம் தனியாகப் பணம் எடுத்து வைக்கிறோம். தேவைப்பட்டால் தேனியிலோ திருநெல்வேலியிலோ உள்ள கால்நடைக் கல்லூரியில் விசாரித்துவிட்டு, அங்கே முடியாவிட்டால் சென்னை வேப்பேரிக்குக் கொண்டுபோவோம்.

தண்ணீரில் நடக்க வைக்கத்தான் இடம் கிடைக்கவில்லை. மாட்டுத்தாவணிப் பக்கம் விசாரித்தேன், எங்கேயும் சரிவான தொட்டி இல்லை.

புலிக்குளத்தான், அலங்காநல்லூர் பக்கம்

தங்கச்சி, எங்கள் தோட்டத்துத் தொட்டியில் ஒரு பக்கம் காளை இறங்குவதற்காகச் சரிவு வைத்துக் கட்டியிருக்கிறோம். தண்ணீர் என் இடுப்புக்கு வரும். பிள்ளைக்கு எந்த அளவு வேண்டும் என்று சொன்னால் அந்த அளவுக்கு மட்டும் நிரப்பி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மோட்டார் போடுவேன். அதற்குமேல் வெயில் வந்துவிடும், சீக்கிரம் வாங்க.

பிரௌனி அம்மா, கே.புதூர்

அவள் நின்றால் இடுப்பு எலும்பு என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது அண்ணே, இப்போதுதான் டேப் வைத்து அளந்தேன், 56 சென்டிமீட்டர். ஐந்தரைக்கே கிளம்பிவிடுகிறோம்.